கடைசி ஆள் வெளியே வந்த பிறகு

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை, ஒட்டுக் கேட்டது. 2008 ரம்ஜான் மாதம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி ரமீஸா, பழவேற்காட்டுக்காரி. ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். மற்றவள் கிறிஸ்டினா, அதே கம்பெனியில் லாரிகளுக்கு பில் போடுபவள். காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு நான் நல்லவனில்லை.

2

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "கரண்ட் போனது. இருள் சூழ்ந்த அந்த..."

(வேண்டாம். சாயங்கால வெயிலில் எங்கே இருள் சூழும்?)

மறுபடியும்: அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் கம்பெனியின் லினக்ஸ் சர்வர் யுபிஎஸ் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும். அதற்குள் அதை முறையாக நிறுத்த வேண்டும். பட்டென்று அணைந்தால் பில் கணக்கெல்லாம் குழம்பிவிடும். ரமீஸா உட்கார்ந்து சரிசெய்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். அந்த மாதத்தில் ஒரு நாள்கூட அவள் வீட்டில் அம்மாவோடு நோன்பு திறக்கவில்லை. ஒரே ஒரு நாளாவது திறக்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

அதற்காகவே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாள். (கம்ப்யூட்டர் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியதை எழுதி வைக்கும் கோப்பு என்று புரிந்துகொண்டேன். தெரிந்தவர்கள் என்னை மன்னிக்கவும்.) கரண்ட் போனதும் அது எல்லாத் திரைகளுக்கும் சேதி அனுப்பும், குறித்த நேரம் பொறுத்திருக்கும், டேட்டாபேஸை மூடும், பிறகு சர்வரை அணைக்கும்.

3

ஆனாலும் சர்வர் பட்டென்றுதான் செத்தது. காரணம் கிறிஸ்டினாவின் டேபிள் ஃபேன்.*

* கரண்ட் போனதும் யுபிஎஸ் பிளக்கில் ஃபேனைச் சொருகுவது அந்த ஆபீஸின் வழக்கம். ஃபேனும் சேர்ந்து இழுத்தால் குறித்த நேரம்வரை பேட்டரி தாங்காது. யாரும் அதைத் தப்பென்று நினைப்பதில்லை, வியர்க்கிறதே.

(இங்கே கிறிஸ்டினாவை வில்லியாக்கிப் பார்த்தேன். "அவள் உதட்டைச் சுழித்து ஏளனமாக..." அடித்துவிட்டேன். முன் சீட்டில் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவளை வில்லியாக்க மனசு வரவில்லை.)

"இங்கிலீஷ்ல இன்னாமோ வந்துகினே கீது. யாரு அத்த படிக்கிறது?" என்றாள் கிறிஸ்டினா.

"அதாங்க்கா நேத்து மாத்தி எழுதுனேன்," என்றாள் ரமீஸா.

4

மாற்றியது இரண்டே இடம். குறித்த நேரத்தைத் தூக்கிவிட்டு, பில் போடும் புரோகிராமைவிட்டு கடைசி ஆள் வெளியே வரும்வரை காத்திருக்கச் சொன்னாள். சேதியைத் தமிழாக்கி, ஆங்கில எழுத்தில் அடித்துவைத்தாள். அன்று கரண்ட் போனதும் கிறிஸ்டினாவின் திரையில் வந்து நின்றது இது: "அக்கா, ஃபேன புடுங்கு. பில்ல முடிச்சிட்டு வெளிய வா. நா ஊட்டுக்குப் போயி நோம்பு தொறக்கணும்."

"படிச்சதும் பக்குனு ஆய்டுச்சிம்மா. லாரி வேற நின்னுகினு கீது. ஃபேன புடுங்கிட்டு, வேர்க்க வேர்க்க பில்ல அடிச்சேன்."

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, நீ மட்டும் உள்ள கீறன்னு காட்டுது. பேட்டரி செவப்புக்கு வந்துடுச்சி. எனக்கு உசுரே இல்லக்கா."

கிறிஸ்டினா வெளியே வந்தாள். சர்வர் முறையாக நின்றது. ரமீஸா பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து இந்தப் பேருந்தைப் பிடித்தாள்.

5

முடிவு ஒன்று: வீட்டு வாசலில் அம்மா... (பேருந்து புதுவாயலைக்கூடத் தாண்டவில்லை.)

முடிவு இரண்டு: ரயில்வே கேட் மூடியிருக்க... (இதற்கு நான் எழுதாமலே இருக்கலாம்.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புதுவாயலில் இறங்கிய கிறிஸ்டினா கடைக்கு ஓடினாள். ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கிவந்து, ஜன்னல் வழியாக ரமீஸாவின் மடியில் போட்டாள்.

"பஸ்சு லேட்டானா வயிலயே நோம்பு தொறந்துக்கோ. ஆனா நீ ஊட்டுக்கே பூடுவ, பாரு."

பொன்னேரியில் நான் இறங்கினேன். ரமீஸா பழவேற்காட்டுப் பேருந்தைப் பார்த்து ஓடினாள். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

6

கதையையும் முறையாக நிறுத்த வேண்டும். சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. லாரி போய்விட்டது. ஃபேன் நின்றுவிட்டது. கிறிஸ்டினா வெளியே வந்துவிட்டாள், நானும் வந்துவிட்டேன். உள்ளே இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

ரமீஸாவை வீட்டில் சேர்த்துவிட்டு மெதுவாக வாருங்கள். அதுவரை இது அணையாது.