இருபத்துமூன்று கையெழுத்து

1

இந்தக் கதை என் அப்பாவின் பிடிவாதத்தில் பிறந்தது. போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் லீவில், டென்மார்க்கின் ஸ்கீவ ஊருக்கு அப்பாவிடம் போயிருந்தேன். குசினி ஜன்னலுக்கு வெளியே நான்கு காற்றாலைகளும் சுற்றிக்கொண்டு நின்றன. அப்பா கோப்பை கழுவியபடியே சொன்னார்: "பிள்ளை, நீ கதை எழுதிற ஆள்தானே. உந்தக் காத்தாடியளுக்கு நான் எதிர்ப்பில்லை எண்டு எங்கையாவது எழுதிவிடு."

அவரை யாரும் குற்றம் சொன்னதில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து அவராகவே தூக்கிக்கொண்டு திரிகிற சுமை அது.

2

மூன்று ஆரம்பங்கள் எழுதினேன்.

முதலாவது: "யூலன்ட் சமவெளியில் அன்று காற்று..." வேண்டாம். காற்றாலைக் கதையைக் காற்றிலிருந்து தொடங்குகிறவரை நானே நம்பமாட்டேன்.

இரண்டாவது: "மரியரட்ணத்தின் ஒரே தங்கை கத்தரீனா முள்ளிவாய்க்காலில்..." இந்த வசனத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவது ஒரு மேசையில் தொடங்குகிறது. அதுதான் சரி.

3

ஊர் மண்டபத்து வாசல் மேசையில் கோப்பிப் போத்தல்களும் பன்னும் இருந்தன. பக்கத்தில் ஒரு தாள். நூற்றைம்பது மீற்றர் உயரத்தில் நான்கு காற்றாலைகள் வரப்போகின்றன. விரும்பாதவர்கள் பெயரும் விலாசமும் எழுதி ஒப்பமிடலாம். உள்ளே கொம்மூன என்கிற உள்ளூராட்சி சபையிலிருந்து வந்த பெண் வரைபடத்தை விரித்து, வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் இடையில் அறுநூறு மீற்றர் விட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். தன் வீட்டுக்கு அறுநூற்றுப் பத்து என்று விவசாயி ஹொல்கர் எழும்பி நின்று சொன்னார். மண்டபம் சிரித்தது. ஹொல்கர் சிரிக்கவில்லை.

மரியரட்ணமும் அந்த ஊர்க்காரர்தான். இறைச்சித் தொழிற்சாலையில் பதினாறு வருடம். ஆனால் அன்று அவர் வந்தது காற்றாலைக்காக அல்ல. அந்த வாரங்களில் டென்மார்க்கில் எந்தத் தமிழரும் கையில் தாள் இல்லாமல் வெளியே போனதில்லை. போரை நிறுத்தச் சொல்லி அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பூசைக்கும் போகும், பிறந்தநாளுக்கும் போகும், வேலையிடத்துச் சாப்பாட்டு மேசைக்கும் போகும். ஆட்கள் கூடுகிற இடத்தில் தாளை வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கத்தரீனாவின் குரலை அவர் கடைசியாகக் கேட்டது மார்ச் மாதத்தில். மூன்று வாரம் அலைந்து பதினாறு கையெழுத்துத்தான் சேர்த்திருந்தார்.

அந்தப் பதினாறோடு முதல் தாள் நிரம்பிவிட்டது. மேலே "போரை நிறுத்துங்கள்" என்று டெனிஷ் மொழியில் அச்சடித்திருந்ததும் அந்தத் தாளில்தான். இரண்டாவதில் வெறும் கோடுகள்: பெயர், விலாசம், ஒப்பம், குறிப்பு. அதை மற்றத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாய் திறந்து விளக்கக் கூச்சப்பட்டுச் சுவரோரமாகப் போய் நின்றார்.

சனம் வரிசையாக வந்து இரண்டு தாளிலும் ஒப்பமிட்டது. வீட்டுக்கு ஒன்றாக இருபத்துமூன்று. மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல சனமா என்று நினைத்தார்.

(அப்பாவின் திருத்தம்: "கண் கலங்கேல்ல. கோப்பி சுட்டது." வாசகர் விரும்பியதை நம்பலாம்.)

4

இந்தக் கதையில் ஒரு மகள் உண்டு. முதல் வரைவில் அவளைத் தூக்கிவிட்டேன். பதினேழு வயது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லும் பிள்ளை. அவளைப் பற்றி நல்லதாக எழுத ஒன்றுமில்லை. ஆனால் அவளில்லாமல் கதை நகராது, ஏனென்றால் மறுநாள் காலை குறிப்புகளை வாசித்தவள் அவள்தான்.

ஹொல்கரின் பெயருக்கு எதிரே: "நூற்றைம்பது மீற்றர் மிக அதிகம்." அடுத்ததில்: "தேவாலயக் கோபுரத்தை மறைக்கும்."

"அப்பா," என்றேன் டெனிஷில், "இவர்கள் காற்றாலைக்கு எதிராகத்தான் ஒப்பம் வைத்திருக்கிறார்கள்."

சனிக்கிழமை கிரின்ஸ்டெட்டிலிருந்து விண்ணப்ப வேலையைப் பார்த்த பாலேந்திரா கார் எடுத்துக்கொண்டு தாள்களைச் சேர்க்க வந்தார். திங்கள் காலை எல்லாம் கொப்பன்ஹேகனில் இருக்க வேண்டும்.

"மரியண்ணை, குறிப்பை ஆர் பாக்கப்போகினம்? கையெழுத்துக் கையெழுத்துத்தான். உங்கட தங்கச்சி அங்க கிடக்கிறா. நீங்கள் இங்க காத்தாடி நியாயம் கதைக்கிறியள்."

"அந்தச் சனம் எனக்கெண்டு தரேல்ல, பாலேந்திரா. கேட்காமல் எடுத்தது மாதிரிக் கிடக்கு. ஒருக்காக் கேட்டிட்டுத் தாறன்."

"எப்ப கேட்டு எப்ப தாறது?"

"நாளைக்குப் பூசை முடிய."

பாலேந்திரா முதல் தாளை மட்டும் கொண்டு போனார். மற்றதை மரியரட்ணமே திங்கள் விடிய ரயிலில் கொண்டு போவதாகப் பேச்சு.

5

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். பச்சையாகவே சொல்கிறேன். வழியெல்லாம் றாப்ஸ் என்கிற எண்ணெய்க்கடுகு வயல் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. காரில் பழைய ஞானப்பாட்டு கசெற், பின் சீற்றில் அப்பா கோயிலுக்குப் போடும் கோட். சேர்ந்து ஒரே வேலைக்கு நாங்கள் போன ஒரே நாள் அது. அதன் அருமை தெரியாமல், எப்போது முடியும் என்று மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹொல்கர் வீட்டில் மரியரட்ணம் மனப்பாடம் பண்ணியதையெல்லாம் மறந்து, தொழிற்சாலை டெனிஷில் சொன்னார்: "இந்தத் தாள் காற்றாலைக்கு இல்லை. அங்கே போர். என் தங்கை உள்ளே. நான் சொல்லாமல் வைத்தேன், பிழை. விருப்பமில்லை என்றால் வெட்டுங்கள்."

ஹொல்கர் கண்ணாடியைத் தேடிப் போட்டார்.

"தங்கைக்கு என்ன பெயர்?"

"கத்தரீனா."

காற்றாலைக் குறிப்பின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதற்குக் கீழே, விவசாயியின் பெரிய எழுத்தில், கத்தரீனா என்று எழுதினார். பெயரை வெட்டவில்லை. பிறகு, "இருங்கள், கோப்பி போடுகிறேன்," என்றார்.

அங்கேதான் வினை. மன்னாரில் வளர்ந்த மனுசனுக்கு, ஒரு வீட்டில் வைத்த கோப்பையை மிச்சம் விட்டு எழும்பத் தெரியாது. வீட்டுக்கு வீடு கோப்பி, பன், தங்கையின் வயது, பிள்ளைகளின் கணக்கு. இரண்டு பேர் தங்கள் பெயரை வெட்டினார்கள். அவர்களும் கோப்பி தந்தார்கள். பொழுது சாயும்போது ஒன்பது வீடுதான் முடிந்திருந்தது.

"கோப்பியைக் குடிக்காமல் வாங்கோவன், அப்பா." அன்று நான் தமிழில் பேசிய ஒரே வசனம்.

"அதெப்படிப் பிள்ளை, மரியாதை இல்லை."

தாள் முடியவில்லை என்று விடியற்காலை ரயிலை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். பின்னேரம் மிச்ச வீடுகளுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் பாலேந்திராவின் போன் வந்தது. எல்லாம் முடிஞ்சுதாம் அண்ணை, என்றார். 

6

முடிவுகள்.

(அ) மரியரட்ணம் சனிக்கிழமையே தாளைக் கொடுத்துவிடுகிறார். ஜூன் மாதம் வவுனியா முகாமிலிருந்து கத்தரீனா கதைக்கிறாள். இதை நான்கு பக்கம் எழுதினேன். மிக நன்றாக வந்தது. அதனாலேயே கிழித்தேன்.

(ஆ) தாள் போனாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று மகள் தகப்பனுக்கு விளக்கி, அவர் ஆறுதலடைகிறார். விளக்கியிருக்கிறேன், பல தடவை. அவர் ஆறுதலடையவில்லை. கத்தரீனா மாமியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஒவ்வொரு மேயிலும் அப்பா ஒரு தடவை கேட்பார்: "அண்டைக்கே குடுத்திருந்தா?"

(இ) ஆகவே

இல்லை, இதையும் நான் முடிக்கப்போவதில்லை. தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. ஒன்பது வரி முடிந்தது. அப்பா கையால் வைத்த தாளில் பதினான்கு வரி இன்னும் காற்றாலைக்கு எதிராகத்தான் ஒப்பமிட்டிருக்கின்றன.

பத்தாவது வரி ஒரு சிவப்புக் கதவு வீடு. அது உங்கள் வீடு என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு பின்னேரம். வெளியே ஒரு கார் வந்து நிற்கிறது. காருக்குள் ஒரு பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கிறாள். கோயில் கோட் போட்ட ஒருவர் தாளோடு படியேறி வருகிறார். வயிறு நிறையக் கோப்பி, மேலும் ஒரு கோப்பை தந்தால் மறுக்கமாட்டார்.

தரவேண்டாம். பேனை அவர் சட்டைப் பையில் இருக்கிறது. மணி அடிக்கிறார்.