சம்பந்தமில்லாத ரோஜாக்கள்

லிஃப்ட் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் யார் ரோஜாப் படத்தோடு காலை வணக்கம் போட்டாலும், அந்த ரோஜா, தானும் மெக்கானிக்கான அட்மின் அக்காவின் வீட்டுக் கூடத்தில் வந்து விழுந்தது. படமாக அல்ல, பூவாகவே, பனித்துளியோடு. குழுவின் பெயரே 'லிஃப்ட் பழுது மட்டும்'. அந்த 'மட்டும்' ஒருவர் கண்ணிலும் படவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் கூடம் முழங்கால் அளவு நிறைந்தது. பிறகு யாரோ தன் மச்சானின் பிறந்தநாள் படத்தை அனுப்ப, மச்சானே காகிதத் தொப்பியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு தேர்தல் சண்டை, ஆளில்லாமல் வெறும் குரலாக வந்து சோபாவைப் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஓய்ந்தது. அக்காவின் கணவர் பொறுமைசாலி. 'வெற்றி உனதே' என்று எழுதிய வெள்ளைக் குதிரை குளியலறையில் வந்து நின்ற அன்றுதான் பெட்டியைக் கட்டினார்.

"குதிரைகிட்ட கேட்டுக்கிட்டுக் குளிக்க என்னால முடியாது. ஒண்ணு குரூப், இல்ல நான்."

"குரூப்பை எப்படிங்க மூடுறது? லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா பசங்க யாரைக் கேப்பாங்க?"

"அப்ப குதிரையோட குடும்பம் நடத்து."

அவர் ரோஜாக்களுக்கு அடியில் செருப்பைத் துழாவிக்கொண்டிருக்கையில், அக்கா பதற்றத்தில் குழுவில் எழுதினார்: 'இனி லிஃப்ட் என்ற சொல் இல்லாத செய்தி நீக்கப்படும்.'

மெக்கானிக்குகள் சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். அடுத்த நிமிடமே, 'லிஃப்ட் அன்பர்களுக்கு இனிய வணக்கம்' என்று ரோஜாவோடு வந்தது. அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் ஓர் இதழ்கூட விழவில்லை. செய்தியில் சொன்ன இடத்துக்கே, ஊரின் லிஃப்டுகளுக்குப் பூக்கள் போயிருந்தன. கூடத்தில் கிடந்த பூக்கள், மச்சான், சண்டை, குதிரை எல்லாமே பின்னோடு போய்ச் சேர்ந்தன.

சற்று நேரத்தில் குழுவில் ஒரு கேள்வி: 'மூணாவது மாடியில லிஃப்ட் நகரல. ஓவர்லோடுன்னு கத்துது. உள்ள குதிரை நிக்குது. யாருக்காவது இப்படி வந்திருக்கா?'

'குதிரையை எறக்குங்கண்ணே. மச்சான் இருக்கட்டும், எடை கம்மிதான்.'

அதன்பின் குழுவில் வேறு பேச்சே இல்லை. கதவு ஓடும் பள்ளத்தில் சிக்கிய இதழை எடுப்பது எப்படி, சண்டை ஏறிய லிஃப்டில் மணி ஏன் கேட்பதில்லை என்று எல்லாமே தொழில் பேச்சு. அக்கா இன்றுவரை ஒரு செய்தியையும் நீக்கவில்லை. கணவர் பெட்டியைப் பிரித்துவிட்டு நிதானமாகக் குளித்தார். இப்போதெல்லாம் வேலைக்குக் கிளம்பும்போது அக்காவின் கருவிப் பையில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் ஒரு துடைப்பம் இருக்கும், குதிரைக்குக் கொஞ்சம் புல்லும்.