முதல் மணியிலேயே எடுப்பவன்

என் மகனுக்கு நான் போன் செய்தால், முதல் மணி முழுதாக அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவான். நான் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் இதைச் சொல்லிச் சொல்லி எல்லோர் காதும் புளித்துப்போயிருந்தது. எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவளின் மகள் எப்போதாவதுதான் அம்மாவிடம் பேசுவாள். அதுவும் சிக்னல் சரியில்லை என்று பாதியில் வைத்துவிடுவாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நான் மகனுக்குப் போன் போட்டுக் காட்டுவேன். "என்னம்மா?" என்று குரல் வந்ததும், சாப்பிட்டாயா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அற்ப சந்தோஷம்தான். ஆனால் என் வயதில் அதுவும் இல்லாவிட்டால் வேறு என்னதான் இருக்கிறது?

மற்றபடி நான் கறாரான ஆள். தைத்து முடித்த சட்டைகளைப் பரிசோதித்து அனுப்புவது என் வேலை. காலர் ஓரத்தில் ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். வாசலில் லாரி நிற்கிறது, இந்த ஒன்றை மட்டும் கண்டும் காணாமல் விடுங்கள் என்று சூப்பர்வைசர் கெஞ்சுவார். விடமாட்டேன். அங்கே எனக்குப் பெயரே ரிஜெக்ட் அக்காதான்.

அன்று எனக்கு வார விடுமுறை. குளியலறைக் கதவின் தாழ்ப்பாளில் ஒரு திருகாணி கழன்று, தாழ்ப்பாள் தலைகீழாகத் தொங்கியது. ஸ்க்ரூ டிரைவரைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டேன். என் மகன் எதையும் எடுத்த இடத்தில் திருப்பி வைக்கிறவன் இல்லை. அவன் ஒரு கூரியர் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். அந்த நேரத்தில் சாலையில்தான் இருப்பான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போன் போட்டேன்.

வழக்கம்போல உடனே எடுத்தான். ஸ்க்ரூ டிரைவரைப் பற்றிக் கேட்டேன். டி.வி.க்குக் கீழே இருக்கிற இழுப்பறையில் பார் என்று சொல்ல ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திவிட்டான். போன் எங்கோ விழுந்த சத்தம் கேட்டது. வண்டியின் வேகம் குறைந்து இஞ்சின் நின்றது. கண்ணாடி இறங்கியது. ஓரமாக நிறுத்தியது நல்லது, லைசென்ஸை எடுங்கள் என்று ஒரு பெண் குரல் கேட்டது. போலீஸ்.

போனை வைக்கத் தோன்றவில்லை. கையில் கழன்ற திருகாணியோடு நின்றுகொண்டு கேட்டேன். அந்தப் பெண் ஏதோ இயந்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த வருடத்தில் இவன் வண்டி ஓட்டும்போது போன் பேசிப் பிடிபடுவது இது மூன்றாவது தடவை என்றாள். இனி அபராதத்தோடு விட முடியாதாம். லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு முடக்கப்படுமாம். முதல் இரண்டு தடவையைப் பற்றி அவன் என்னிடம் மூச்சுகூட விட்டதில்லை. லைசென்ஸ் போனால் வேன் போகும். அந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு வேலை தெரியாது.

அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான். அம்மாவுக்கு நெஞ்சு வலி, வீட்டில் தனியாக இருக்கிறார்கள், மூச்சு விட முடியாமல் கூப்பிட்டார்கள் என்று படபடவென்று சொன்னான்.

குத்துக்கல் மாதிரி நின்றுகொண்டிருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே என்று பல்லைக் கடித்தேன். அவனோ நிறுத்தவில்லை. கை சில்லிட்டுவிட்டதாம், நெற்றி முழுக்க வேர்த்துவிட்டதாம், இடது தோளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேனாம். கேட்கக் கேட்க என் கோபம் எங்கோ போய்விட்டது. அது அவன் அப்பா இறந்த விதம். அவர் இறந்தபோது இவன் பக்கத்தில் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் நான் ஒவ்வொரு தடவையும் அழுதுகொண்டே சொன்னதை மூலையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். ஒரு வார்த்தை விடாமல் உள்ளே வைத்திருக்கிறான்.

அந்தப் பெண் அசையவில்லை.

"இந்த ரோட்ல தினமும் யாராவது ஒரு அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துட்டுதான் இருக்கு தம்பி."

பிறகு அவன் பேசினான். என் மகன் பொய் சொன்னால் வேகமாகச் சொல்வான். இதை மெதுவாகச் சொன்னான்.

"எங்கப்பா போன அன்னிக்கு அம்மா எனக்குப் போன் பண்ணிட்டே இருந்தாங்க மேடம். நான் கிரவுண்டுல விளையாடிட்டு இருந்தேன். அடிக்கிறது தெரிஞ்சும் எடுக்கல. எடுத்திருந்தா அவரைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். அன்னையிலேருந்து அம்மா போன் அடிச்சா எடுக்காம இருக்க முடியல. கை தானா போயிடுது."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். பாசத்தால் எடுக்கிறான் என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். அவன் பயத்தால் எடுத்திருக்கிறான். நான் சாப்பிட்டாயா என்று கேட்கக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும், அவனுக்கு அப்பா இன்னொரு தடவை செத்திருக்கிறார். உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் கூப்பிட்டிருக்கிறேன். பக்கத்து மேசைக்காரியை வெறுப்பேற்றக் கூப்பிட்டிருக்கிறேன்.

அதற்குள், லைன் இன்னும் துண்டிக்கப்படவில்லை என்பதை அந்தப் பெண் கவனித்துவிட்டாள். போனை எடுத்து நேராக என்னிடம் பேசினாள். குரலில் இப்போது கடுமை இல்லை.

"அம்மா, கேக்குதா? உங்களுக்கு நெஞ்சு வலின்னு உங்க பையன் சொல்றார். ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?"

'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். அந்தப் பெண் பாதி இளகிவிட்டாள் என்பது குரலிலேயே தெரிந்தது. வாய் வரை வந்தும் விட்டது. பெற்றவளுக்கு ஒரு பொய் என்ன பெரிய பாரமா? எனக்காக ஓர் ஆம்புலன்ஸ் கிளம்பினால், உண்மையிலேயே மூச்சு முட்டுகிற யாரோ ஒருவர் காத்துக்கிடக்க வேண்டும் என்ற நினைப்பு முதலில் வந்தது. அதைக்கூட விழுங்கியிருப்பேன். ஆனால் அடுத்து என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. எதிரே ஒரு லாரி வருகிறது, என் பெயர் திரையில் மின்னுகிறது, அவன் கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தானாகப் போகிறது.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன். ஸ்க்ரூ டிரைவர் எங்கன்னு கேக்கக் கூப்பிட்டேன்."

மகன் பக்கத்தில் நின்று கேட்டிருப்பான். நான் சொன்னதால் அவன் லைசென்ஸ் போகும், அது எனக்குப் புரிகிறதா என்று கேட்டாள். புரிகிறது என்றேன். பிறகு ஏன் சொன்னீர்கள் என்று போலீஸாக இல்லாமல் ஒரு பெண்ணாகக் கேட்டாள்.

"விட்டா நாளைக்கும் எடுப்பான்மா."

சரி என்றாள். வேனை எடுத்துப்போகக் கம்பெனியிலிருந்து ஆள் வரச் சொல்வதாகவும், அவனைப் பத்திரமாக அனுப்பிவைப்பதாகவும் சொல்லிவிட்டு வைத்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். அது அங்கேதான் இருந்திருக்கிறது. குளியலறை வாசலில் முழங்காலிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாழ்ப்பாளைப் பொருத்த ஆரம்பித்தான். நான் கொடுத்த தேநீர் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு, கதவைப் பார்த்தே கேட்டான்.

"ஒரு பொய்தானேம்மா. எந்த அம்மாவா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க. என் சட்டைக்குமா ரிஜெக்ட் ஒட்டணும்?"

நான் அவனிடம் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. அவன் அப்பா இறந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. நான் அழுதுவிடுவேன் என்று அவனும், அவன் அழுதுவிடுவான் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவன் உள்ளே இப்படி ஒரு கணக்குப் போட்டுவைத்திருப்பது தெரிந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேனே.

"நான் உனக்குப் போன் போட்டப்ப அப்பா போயிட்டாருடா."

அவன் கை நின்றது. திரும்பாமலே உட்கார்ந்திருந்தான். நான் அவனருகில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர் சரிந்தது வரைதான் என்னால் சொல்ல முடிந்திருந்தது. அவர் நாற்காலியிலிருந்து சரிந்ததும் பக்கத்து வீட்டு நர்ஸைத்தான் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து நெஞ்சை அமுக்கு அமுக்கென்று அமுக்கினாள். ஆம்புலன்ஸில் வந்தவர்களும் பார்த்தார்கள். எல்லோரும் கையை விரித்த பிறகுதான் நான் போனைத் தேடி எடுத்தேன். அவரைக் காப்பாற்ற அவனைக் கூப்பிடவில்லை. எனக்குத் தனியாக நிற்க முடியவில்லை, அதனால் கூப்பிட்டேன்.

"அப்ப நான் எடுத்திருந்தா?" என்று கேட்டான்.

"எடுத்திருந்தா உங்கிட்ட அழுதிருப்பேன். அவ்ளோதான்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். நர்ஸ் வந்ததையும் ஆம்புலன்ஸ் வந்ததையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, குளியலறை வாசலிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். சொன்னவர் என் மகனைப் பார்த்ததில்லை.

லைசென்ஸ் திரும்பி வரும்வரை கம்பெனியில் அவனைக் கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இடுப்பு ஒடிகிறது என்று தினமும் வந்து என்னைத் திட்டுவான். நான் வாங்கிக்கொண்டு தைலம் தேய்த்துவிடுவேன். தொழிற்சாலையில் மகனுக்குப் போன் போட்டுக் காட்டுவதை விட்டுவிட்டேன். என்ன, பிள்ளையோடு சண்டையா என்று பக்கத்து மேசைக்காரி அக்கறையோடு விசாரித்தாள். அக்கறைக்குப் பின்னால் கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

அவன் மறுபடி வேன் ஓட்டப் போன வாரம் அது. மதிய இடைவேளையில், இரவு வர நேரமாகுமா என்று கேட்க நினைத்து, பழக்க தோஷத்தில் போனை அழுத்திவிட்டேன். அழுத்திய பிறகுதான் அவன் சாலையில் இருப்பான் என்பது உறைத்தது. முதல் மணி அடித்து முடிந்தது. இரண்டாவது முடிந்தது. அடித்துக்கொண்டே இருந்து கடைசியில் தானாக நின்றுவிட்டது.

லாரி, பாலம், ஆஸ்பத்திரி என்று என்னென்னவோ கண்ணுக்குள் ஓடியது. எடுக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்பது எனக்கு முன்பே தெரியும். மறந்துபோயிருந்தேன். இன்னொரு தடவை அழுத்தத் துடித்த விரலை மடக்கிக்கொண்டேன்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "எடுக்கலையா?" என்றாள்.

"எடுக்கலை. வண்டி ஓட்டிட்டு இருக்கான்" என்றேன். இவ்வளவு பெருமையாக நான் அவளிடம் எதையும் சொன்னதில்லை. அது அவளுக்கு எங்கே புரியப்போகிறது?

இடைவேளை முடிந்து சட்டைகள் வந்து குவிந்தன. ஒரு காலரைத் திருப்பிப் பார்த்தேன், தையல் கண்ணுக்குத் தெரியவில்லை. எதிரே மேசை மேல் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டியை எங்காவது ஓரமாக நிறுத்தியிருப்பான் போல. அவன் பெயர் திரையில் மின்னியதும், முதல் மணி முழுதாக அடித்து முடிவதற்குள் நான் எடுத்துவிட்டேன்.