மூலைக்கு அந்தப் பக்கம் விழுந்த கல்

நெட்டையன் காலையிலிருந்தே மேஸ்திரி கண்ணில் படாமல் வேலை பார்த்தான். பள்ளிக்கூடத்துக்கு மாடி எடுக்கிற வேலை. முந்தின நாள் ஒரு செங்கல் பறந்துபோய், சுவர் மூலைக்கு அந்தப் பக்கம் நின்ற தலைமையாசிரியரின் கார் கண்ணாடியை உடைத்துவிட்டது. கீழே நின்று கல்லை வீசுவது அவனுடைய அக்காள் புருஷன். சாரத்தில் நின்று பிடிப்பது இவன். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

"யாருன்னு நாளைக்குள்ள தெரியணும். அவன் கூடையத் தூக்கிட்டு நடையக் கட்டலாம்" என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

இன்றைக்கென்று பார்த்து, ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டி வந்து கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தினாள். அதில் நெட்டையன் மகளும் ஒருத்தி. டீச்சர் முதல் மாடி வராந்தாவுக்கு ஏறினாள். கையில் முழுச் செங்கல் ஒன்று, அரைக்கல் ஒன்று.

"இத்தனை நாள் இல்லாம இன்னைக்கு எதுக்கு மாப்ளே டீச்சர் கையில செங்கல்லு?" என்று கீழிருந்து மாமன் கிசுகிசுத்தான்.

"பாடமாம், மாமா."

"பாடமா? போலீஸ் விசாரணை மாதிரியில்ல இருக்கு!"

நெட்டையனுக்கும் அதே நினைப்புத்தான். மேஸ்திரி வேறு டீ கிளாசோடு வந்து வேடிக்கை பார்க்க நின்றார்.

"ரெண்டையும் ஒண்ணா விட்டா எது முதல்ல விழும்?" என்று டீச்சர் கேட்டாள்.

"முழுக்கல்லு!" என்று கூட்டமே கத்தியது.

விட்டாள். தொப்பென்று ஒரே சத்தம்.

"அரைக்கல்ல நீங்க முன்னாடியே விட்டுட்டீங்க டீச்சர்" என்றாள் நெட்டையன் மகள்.

"ஏம்மா, உனக்கு யார் மேலதான் நம்பிக்கை?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று நெட்டையன் நினைத்துக்கொண்டான்.

அடுத்து டீச்சர் ஒரு கல்லைச் சும்மா விட்டாள்; அதே நேரம் இன்னொன்றைக் கையால் முன்னே தள்ளினாள். சத்தம் இப்போதும் ஒன்றுதான். ஆனால் விட்ட கல் சுவரடியில் கிடந்தது, தள்ளிய கல் முற்றத்து நடுவில்.

"பூமி ரெண்டையும் ஒரே மாதிரிதான் இழுக்குது. சும்மா விட்டது நேரா கீழ விழும். வேகம் குடுத்ததுதான் தள்ளிப் போய் விழும்."

மேஸ்திரி டீயைக் குடிக்க மறந்தார். சாரத்தைப் பார்த்தார், சுவரடியைப் பார்த்தார், பிறகு மூலைக்கு அந்தப் பக்கம் கார் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"அப்ப நேத்து விழுந்தது கை நழுவுன கல்லு இல்ல. வீசுன கல்லு." மாமன் பக்கம் திரும்பினார். "நீதானே வீசுனது?"

மாமன் குனிந்து கூடையை எடுத்தான்.

நெட்டையன் தலை தப்பியது. வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். ஆனால் மேலே நிற்பவன் "போடு" என்று குரல் கொடுக்காமல் கீழே நிற்பவன் கல்லை வீச மாட்டான். அது வேலை முறை. நேற்று அந்தக் குரலைக் கொடுத்தது நெட்டையன். கொடுத்த கையோடு வகுப்பு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். உள்ளே மகள் பதில் சொல்ல எழுந்து நின்றிருந்தாள். கல் அவனைத் தாண்டிப் போய்விட்டது. மாமன் ஏன் இதைச் சொல்லவில்லை? இதை வைத்து ஏதாவது கேட்கச் சமயம் பார்க்கிறானோ என்று ராத்திரியெல்லாம் அரித்தது. இப்போதும் சொல்லாமல் கூடையைத் தூக்குகிறானே!

"மேஸ்திரி, 'போடு'ன்னது நான்தான்."

"சொல்லிட்டுப் பிடிக்காம எதைடா பாத்துக்கிட்டிருந்த?"

மகள் கயிற்றோரம் வந்து நின்றாள்.

"வெயில் கண்ணுல அடிச்சிடுச்சு."

"நேத்து வெயிலே இல்லையேப்பா" என்றாள் அவள்.

மேஸ்திரி மாமனிடம் கூடையைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, நெட்டையனுக்கு வாசலைக் கை காட்டினார்.

நெட்டையன் தெருமுனை தாண்டுவதற்குள் மாமன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஏன் மாப்ளே சொன்ன? எங்கிட்ட என்னத்த கேக்கப்போற?"

"ஒண்ணும் இல்ல. நீ ஏன் என்னக் காட்டிக்கொடுக்கல?"

"குடுத்தா உங்கக்கா எனக்குச் சோறு போடுவாளா?"

"அவ்வளவுதானா?" என்றான் நெட்டையன்.

மாமன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். அவனும் மாமனைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.