முதலில் யார் ஏறுவது?

எட்டு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்டின் கதவை மறித்துக்கொண்டு நின்றார் மெக்கானிக். எதிரே கட்டட மேலாளர் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் காய்கறிப் பையும் கைக்குழந்தையுமாக ஒரு கூட்டமே முணுமுணுத்துக்கொண்டு நின்றது.

"புது ரோப்தானே சார் மாத்தியிருக்கீங்க? புதுசுல என்ன ஆயிடப்போகுது? பாவம், எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

"புதுசுன்னாதான் சார் எனக்குப் பயமே. பழசு தன் குணத்தக் காட்டிருச்சு. இது இன்னும் காட்டல."

ஆட்களின் எடைக்கு ஈடாக இரும்புக் கட்டிகளை உள்ளே அடுக்கி, லிஃப்டை ஏற்றி இறக்கினார். பிறகு தானே ஏறி உச்சி மாடி வரை போய் வந்தார். அதற்குப் பிறகுதான் கதவை விட்டு விலகினார். இந்த விஷயத்தில் யார் தலைகீழாக நின்றாலும் அவர் மசிய மாட்டார். பழுது பார்த்த லிஃப்டில் முதல் பயணி அவர்தான்.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டில் என்ன செய்தார் என்று கேளுங்கள். காட்டுக்கு எடுத்துப் போக வாங்கிய கூடாரத்தை, கடையில் கொடுத்த பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. கிளம்ப இரண்டே நாள்தான் இருந்தது.

"ஏங்க, ஒரு தடவை மாடியில போட்டுப் பாத்துரலாமே?" என்றாள் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் இரண்டு முறை பார்க்காமல் யார் கையிலும் கொடுத்துப் பழக்கமில்லை.

"பிரிச்சா திரும்ப இந்தப் பைக்குள்ள மடக்கி வைக்க உங்கப்பாவா வருவாரு? புதுசும்மா. புதுசுல என்ன ஆயிடப்போகுது?"

காலையில் இதே வார்த்தைகளுக்கு ஒரு மேலாளரை நிற்கவைத்துப் பாடம் எடுத்தது அவருக்கு நினைவே இல்லை. நம்மில் பலருக்கும் இந்த வியாதி உண்டு. வேலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். வீட்டு விஷயம் என்றால் "பாத்துக்கலாம் விடு" என்போம்.

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. அவர்களுடைய எட்டு வயது மகள் பட்டாணி, போன மழைக்காலத்தில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்ததே பெரிது. உடம்பு தேறினால் காட்டில் கூடாரம் போட்டுத் தூங்கலாம் என்று அப்பா கொடுத்த வாக்குக்காகத்தான் கசப்பு மருந்தையெல்லாம் முகம் சுளிக்காமல் விழுங்கினாள். இப்போதுதான் டாக்டர் தலையசைத்திருக்கிறார். அதுவும் ஒரு நிபந்தனையோடு: பிள்ளை நனையக் கூடாது, ஈரத்தில் படுக்கவே கூடாது.

"அடைமழை பெஞ்சாலும் ஒரு சொட்டு எறங்காதுன்னு கடைக்காரர் அடிச்சுச் சொல்றாரும்மா."

"கடைக்காரர் பொண்ணா அதுல படுக்கப்போறா?"

மெக்கானிக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தரையில் உட்கார்ந்து காலுறைகளைச் சுருட்டிக்கொண்டிருந்த பட்டாணி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, நீ ரிப்பேர் பண்ற லிஃப்டுல மொதல்ல யாரு ஏறுவா?"

"நான்தான். அதுல என்ன சந்தேகம்?"

"அப்போ டென்ட்ல மொதல்ல யாரு படுப்பா?"

மெக்கானிக் மூலையில் கிடந்த கூடாரப் பையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். மனைவி சிரிப்பை மறைக்க, ஏற்கெனவே மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள்.

மறுநாள் மாலை மூவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். கம்பிகளோடு மல்லுக்கட்டி ஒருவழியாகக் கூடாரம் எழுந்து நின்றது. மகள் எந்த இடத்தில் படுப்பாளோ அந்த இடத்தில் மெக்கானிக் போய்ப் படுத்து, ஜிப்பை இழுத்து மூடினார். மனைவி பூவாளியால் கூடாரத்தின் மேல் தண்ணீர் ஊற்றினாள்.

"நல்லா ஊத்து! காட்டு மழை உன் செடிக்கு ஊத்துற மாதிரி பதமா பெய்யாது!"

அவ்வளவுதான், பக்கெட்டையே தூக்கிக் கவிழ்த்தாள். கொஞ்சம் பழைய கணக்கும் அதில் சேர்ந்திருக்கலாம்.

முதல் சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. அடுத்தது கன்னத்தில். அண்ணாந்து பார்த்தார். தையல் போட்ட இடம் நெடுகத் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. முதுகுக்குக் கீழே விரிப்பு சில்லென்று ஊறிக்கொண்டிருந்தது. இதே இடத்தில், நடுக்காட்டில், அந்தச் சின்ன நெஞ்சு படுத்திருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அது மூச்சுக்குத் தவித்து ஏறி இறங்கியதை அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தவர். விருட்டென்று எழுந்து ஜிப்பை இழுத்தார். அது துணியைக் கடித்துக்கொண்டு நகர மறுத்தது. பலமாக இழுத்ததில் பிடி கையோடு வந்துவிட்டது.

"என்னங்க, வெளிய வாங்க."

"ஜிப்... மாட்டிக்கிச்சு." அவர் குரல் உடைந்திருந்தது.

எத்தனையோ பேரை லிஃப்டிலிருந்து மீட்டவர், ஒரு துணி மூட்டைக்குள் அகப்பட்டுக்கொண்டு விழித்தார். அப்போது வெளியே ஒரு சிறிய நிழல் கூடாரத்தை ஒட்டி வந்து உட்கார்ந்தது.

"பதறாதீங்க சார். கதவப் பிடிச்சு இழுக்காதீங்க. மெதுவா மூச்சு விடுங்க. நான் வெளியிலதான் நிக்கிறேன். உங்கள விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்."

லிஃப்டில் சிக்கியவர்களிடம் அவர் சொல்கிற வார்த்தைகள் அவை. அன்று ஆஸ்பத்திரியில், என்ன சொல்வதென்று தெரியாமல், கண்ணாடிக் கதவில் வாயை வைத்து மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னதும் அவைதான். அந்தக் காய்ச்சலில் அவள் காதில் ஒன்றும் விழுந்திருக்காது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார்.

ஈரத் துணியின் மேல் ஒரு குட்டி உள்ளங்கை பதிந்தது. உள்ளேயிருந்து தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டு மெக்கானிக் அழுதார்.

மனைவி கொண்டை ஊசியால் துணியை மெல்ல நெம்பி, ஜிப்பை விடுவித்தாள். நனைந்த கோழியாய் வெளியே வந்தவரைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவள், அவர் கண்களைப் பார்த்ததும் துண்டை நீட்டினாள்.

"அப்போ நம்ம போகமாட்டோமா?" பட்டாணியின் உதடு பிதுங்கத் தொடங்கியது.

"போறோம் கண்ணு. இந்த வாரம் இல்ல, அடுத்த வாரம். இதக் குடுத்துட்டு வேற வாங்குவோம். அதையும் இங்க கொண்டாந்து போடுவோம். அதுலயும் மொதல்ல நான்தான் படுப்பேன்."

பட்டாணி யோசித்தாள். ஒரு வாரம் என்பது அவளுக்கு ஒரு யுகம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. ஆனா தண்ணி நான்தான் ஊத்துவேன்."

"ஊத்து தாயே."

அவள் ஒத்திகைக்காகப் பூவாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

"புதுசுல என்ன ஆயிடப்போகுதுன்னு இனிமே கேப்பீங்களா?" என்றாள் மனைவி, அவர் தலையைத் துவட்டிக்கொண்டே.

மெக்கானிக் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் யாரோ ஏறுற லிஃப்டுல மொதல்ல நான் ஏறிப் பாக்கறேன். என் புள்ள படுக்கிற எடத்த ஒரு தடவை பாக்க எனக்குச் சோம்பல். ஆசையா வாங்கிக் குடுத்துட்டா போதும்னு நெனச்சிட்டேம்மா. குடுக்கிறதுக்கு முன்னாடி நாம சோதிச்சுப் பாக்கணும், அதுதான் பாசம். இங்க ஒழுகுச்சு, தொடைக்க நீ துண்டோட நிக்கிற. அங்க ஒழுகியிருந்தா யாரும்மா நின்னிருப்பா?"