நாற்பத்திரண்டு பதில்கள்

சட்டை தைக்கும் கம்பெனியில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, பெற்றவர்கள் வைத்த பெயரைவிட அதுதான் நிலைத்தது. நாளொன்றுக்கு எண்ணூறு சட்டைகள் அவர் மேசையைத் தாண்டிப் போகும். ஒரு தையல் விட்டிருந்தாலும், காலர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். "இங்க மறைச்ச தப்பு, வாங்கினவன் முதுகுல போய்க் கிழியும்" என்று தைக்கிற பெண்களுக்குப் பாடம் வேறு எடுப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் சொந்த மகள் விஷயத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். மறைத்த விதத்தைச் சொன்னால் நமக்கே கூசும்.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. வகுப்பில் அவள் கூடவே உட்கார ஒரு தனி உதவியாளர் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பருவத்திலிருந்து வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளியின் தலைமை ஆசிரியை கையை விரித்துவிட்டார். உதவியாளரைக் கொடுப்பது குழந்தைகள் ஆதரவு மையம். சிட்டுவின் அம்மா அந்த மையத்துக்கு நடையாய் நடந்து, எட்டு மாதம் காத்துக் கிடந்து, ஒரு படிவத்தை வாங்கிவந்தாள். அதில் நாற்பத்திரண்டு கேள்விகள். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும், நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்று கணவரிடம் நீட்டினாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

வீட்டில் எழுதித் தொலைத்திருக்கலாம். மனிதர் அதைக் கம்பெனிக்குக் கொண்டுபோய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தார். பக்கத்தில் கட்டிங் மாஸ்டர். அடுத்தவர் காகிதம் என்றால் அந்த ஆளுக்குக் கழுத்து ஒரு முழம் கூடுதலாக நீளும்.

"என்ன ஃபாரம் சார்? பொண்ணுக்கா?"

"ஆமா. ஸ்கூல் ஃபாரம்."

மகள் வகுப்பில் முதலாவதாக வருகிறாள் என்று மூன்று வருஷமாகக் கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இப்போது முதல் கேள்வி, குழந்தை எத்தனை சொற்கள் பேசும்? கட்டிங் மாஸ்டரின் கண் காகிதத்தை விட்டு நகரவில்லை. இவர் 'இருநூறுக்கு மேல்' என்று எழுதினார். முதல் பொய்க்குத்தான் பேனா கொஞ்சம் தயங்கும், அப்புறம் வழுக்கிக்கொண்டு போகும். தானாகச் சாப்பிடுமா? ஆம். தானாக உடுத்துமா? ஆம். இரவில் தூங்குமா? நன்றாக. கடைசிப் பக்கம் வருவதற்குள் படிவத்தில் இருந்த பெண் அவ்வளவு சமர்த்தாகிவிட்டாள், அவருக்கே பெருமை தாங்கவில்லை. கட்டிங் மாஸ்டர் கை கழுவ எழுந்து போனான். அப்போதாவது அடித்துத் திருத்தியிருக்கலாம். மடித்து உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தங்கள் மகளுக்குத் தனி உதவியாளர் தேவைப்படவில்லை.

"இவங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று சிட்டுவின் அம்மா குதித்தாள். "கிளம்புங்க. நேராப் போய் நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரலாம்."

அவசர ஆர்டர் இருக்கிறது என்றார். தலைவலி என்றார். கடிதம் போட்டுப் பார்க்கலாமே என்றார். ஒன்றும் எடுபடவில்லை.

மையத்தில் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தது ஒரு நடுவயது அதிகாரி, மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் விளையாட்டு அறை. அங்கே சிட்டு ஒரு பழைய பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிந்தது.

சிட்டுவின் அம்மா மூச்சு விடாமல் பேசினாள். அதிகாரியம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, கோப்பிலிருந்து படிவத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க எழுதிக் குடுத்ததை வச்சுத்தாம்மா முடிவு பண்ணினோம்."

அவள் படித்தாள். முதல் பக்கத்தைப் படித்து முடித்து, மறுபடியும் மேலிருந்து படித்தாள். பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்று அவருக்கு இருந்தது. பூமிக்கு வேறு வேலை இல்லையா என்ன?

"தானாகக் கழிப்பறைக்குப் போகுமா? ஆம்" என்று அவள் வாய்விட்டு வாசித்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "யாருங்க இந்தப் பொண்ணு? எனக்குத் தெரியாம இன்னொரு பொண்ணு இருக்காளா உங்களுக்கு?"

"நாலு பேர் முன்னாடி வச்சு எழுதினேன். உள்ளதை எழுதக் கை வரல."

"எட்டு மாசங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அதிகாரியம்மாவே பேச்சை எடுத்தார். "இது ஒண்ணும் புதுசில்ல சார். ஸ்கூல் இன்டர்வியூன்னு நினைச்சுக்கிட்டு நிறையப் பேரு மார்க்கை அள்ளிப் போட்டுடுறாங்க. இங்க மார்க் குறைஞ்சாத்தான் சீட்டு." புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தார். "வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. இப்பவே எழுதினா இந்தப் பருவத்துலயே கேட்டுப் பார்க்கலாம்."

சிட்டுவின் அம்மா படிவத்தை அவர் பக்கமே தள்ளினாள். "நீங்களே எழுதுங்க."

எழுதப் பேனாவை எடுத்தார். குழந்தை எத்தனை சொற்கள் பேசும்? பேனா நின்றது. இந்த முறை பொய் சொல்ல எண்ணமே இல்லை. ஆனால் உண்மை என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

"எத்தனைம்மா?" என்று தாழ்ந்த குரலில் மனைவியைக் கேட்டார்.

"பதினொண்ணு."

"தூக்கம்?"

"மூணு மணி நேரம். மிச்ச நேரம் நான் கூட உட்கார்ந்திருப்பேன். நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருப்பீங்க."

"சட்டை?"

"நான்தான் போட்டு விடணும். உள்பக்கத்தை வெளியே திருப்பி."

"அது ஏன்?"

"தையல் குத்துதுங்க அவளுக்கு."

போன மாதம்கூட, பெண்ணுக்கு ஒரு சட்டையை நேராகப் போட்டுவிடத் துப்பில்லையா என்று இதே விஷயத்துக்கு அவளிடம் கத்தியிருந்தார். நாள் முழுக்கத் தையலைத் தடவிப் பார்க்கிற கை. அது தன் மகளின் தோலில் குத்தும் என்பது தெரியாமலே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார். பொய் எழுதிப் பிடிபட்டதுகூட அவ்வளவு உறைக்கவில்லை. மெய்யை எழுதச் சொன்னால் தன்னிடம் எழுத ஒன்றுமே இல்லை என்பதுதான் முகத்தில் அறைந்தது. ஒவ்வொரு கேள்வியாக அவளிடம் கேட்டுக் கேட்டு, பரீட்சையில் காப்பி அடிக்கிறவர் மாதிரி தலையைக் குனிந்து எழுதினார்.

குழந்தை எதற்கெல்லாம் பயப்படும்?

"மிக்ஸி சத்தம். ஆம்புலன்ஸ். தலையில தண்ணி ஊத்தினா" என்று அவள் அடுக்கினாள்.

"வேற?" என்றார் அதிகாரியம்மா.

அதுவரை படபடவென்று சொல்லி வந்தவள் நிறுத்தினாள். கண்ணாடிச் சுவர்ப் பக்கம் பார்த்தாள். "அவ்வளவுதான்."

அன்றைக்கு அவள் சொன்ன ஒரே பொய். யாருக்காகச் சொன்னாள் என்பது அவருக்குப் புரிந்தது. போன வாரம் செருப்புக் கடையில் சிட்டு தரையில் படுத்து வீறிட்டாள். ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர் தொண்டை கிழியக் கத்தினார். சத்தியமாக மகளுக்காகக் கத்தவில்லை, பெண்ணைக் கண்டித்து வளர்க்கிற அப்பன்தான் நான் என்று சுற்றி நின்றவர்களுக்குக் காட்டக் கத்தினார். சிட்டு சட்டென்று அடங்கினாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்ச் சுருண்டாள். "பாத்தியா, அதட்டினாத்தான் அடங்குறா" என்று மனைவியிடம் வெற்றி வீரர் கணக்காகச் சொல்லிக்கொண்டார்.

இப்போது 'தலையில் தண்ணீர்' என்பதற்குக் கீழே, அதே முத்துக் கையெழுத்தில், 'அப்பா' என்று எழுதினார்.

அதிகாரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சத்தத்துக்கா சார், ஆளுக்கா? ரெண்டும் வேற வேற. தெளிவா எழுதணும்."

அதற்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"சத்தத்துக்குத்தான்" என்றாள் கடைசியில். "இதுவரைக்கும்."