மாஸ்டரின் வலது கால்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டருக்கு, போயும் போயும் ஒரு வலைப்பதிவு தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். மாஸ்டர்களுக்கான ஆன்லைன் பயிற்சியில் தேறினால்தான் தொடர்ந்து வண்டியில் ஏறலாம்; இல்லையென்றால் ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டியதுதான். ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்காராத மனுஷனுக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

பாடமெல்லாம் சுலபம். வாராவாரம் தான் நடத்திய வகுப்பை யோசித்துப் பார்த்துப் பதிவு எழுத வேண்டும் என்பதுதான் வில்லங்கம். மாஸ்டருக்கு ஒற்றை விரல் தட்டச்சு. அதனால், கூரியர் ஆபீஸில் நாள் முழுக்கத் தட்டுகிற மனைவி, சாப்பிட்ட கையோடு லேப்டாப்பைத் திறப்பாள். அவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொல்லுவார். 'சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. மாணவருக்குக் கவனம் போதாது.' அவ்வளவுதான் பதிவு. பயிற்சி நடத்தும் அம்மாள் ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பினார்: 'வண்டி என்ன செய்தது என்று புரிகிறது. நீங்கள் என்ன செய்தீர்கள்?'

பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவன் என்னத்தைச் செய்வான் என்று மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

மிச்சமிருந்தது கடைசிப் பதிவு. அதுவும் திரும்பினால் ஆபீஸ் நாற்காலிதான். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மாணவி வேறு யாருமில்லை, தட்டச்சு செய்கிற மனைவியேதான். லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை தோற்றவள். இரண்டு முறையும் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நிறுத்தினாள். தன்னோடு வந்தால் நன்றாக ஓட்டுகிறாள், தேர்வென்றால் உதறல் என்று மாஸ்டர் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பாவம், அவளும் அதை நம்பிவிட்டாள்.

"பள்ளிக்கூட வளைவு. குறுக்கே ஒரு சைக்கிள். வண்டி நின்றது" என்று ஆரம்பித்தார்.

"யாரு நிறுத்தினா?" தலை நிமிராமல் கேட்டாள்.

"நீதான்."

"நான் பிரேக்ல காலை வைக்கறதுக்குள்ள நின்னுடுச்சே. எப்பவும் அப்படித்தானே நிக்கும்? நல்ல வண்டின்னு நெனச்சேன்."

மாஸ்டரின் நடை நின்றது. குனிந்து பார்த்தார். சைக்கிள் என்று சொன்ன வேகத்தில் அவருடைய வலது கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, ஆபத்துக்கென்று வைத்தது. அவருக்கு எல்லா வளைவும் ஆபத்தாகவே இருந்திருக்கிறது. தேர்வில் அந்த இடத்தில் உட்காரும் அதிகாரிதான் காலை அசைப்பதில்லை. அவளும் அந்தக் காலைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பயிற்சி வண்டியில் ஏறியதும் இருக்கையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதே வளைவில் முன்னால் ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. கத்தப்போனவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, லாரிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

"நான்தாங்க நிறுத்தினேன்" என்றாள். வீடு வருவதற்குள் அதையே நாலைந்து தடவை சொல்லிவிட்டாள். அவ்வளவு சந்தோஷம். மாஸ்டருக்கோ கால் மரத்துப்போயிருந்தது. அவள் சுற்றி வந்து கதவைத் திறந்து கைத்தாங்கலாக இறக்கினாள்.

அன்று அவர் நடக்காமல், சுவரோரம் உட்கார்ந்தே சொன்னார்: 'இன்று நான் ஒன்றும் செய்யவில்லை. அவள் நிறுத்தினாள். இத்தனை நாளும் நிறுத்தியது நான். அவளுக்கு உதறல் என்று ஊரெல்லாம் சொன்னதும் நானே.'

இரண்டு நாளில் பதில் வந்தது. கேள்வி இல்லை. 'தேர்ச்சி. கடைசி வரி பிரமாதம்.'

எந்த வரி என்று மாஸ்டர் ஆசையாகப் போய்ப் பார்த்தார். அவர் சொல்லாத வரி அது: 'மாஸ்டருக்குக் கவனம் பரவாயில்லை. காலுக்குத்தான் இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.'